சுழன்ற முகங்களைப் படங்களில் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகங்களைக் கண்டறியும் நிரல் (டிடெக்டர்) ஒன்றை எழுதி, நேராக நிற்பவர்களின் படங்களில் அது நன்றாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, கட்டிலில் படுத்திருக்கும் குழந்தையின் படத்தையோ தலைகீழாக ஸ்கேன் செய்யப்பட்ட பழைய புகைப்படத்தையோ கொடுத்ததும் அது எதையும் காணாமல் விடுவதைக் கண்டவர்களுக்காக இந்தக் கேள்வி-பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன. படிப்பவருக்குப் பைத்தானும் கணினிப் பார்வையின் அடிப்படையும் ஓரளவு தெரியும் என்று கொள்ளப்பட்டிருக்கிறது.

முகம் சுழன்றிருக்கிறது என்று சொல்லும்போது எந்தச் சுழற்சியைக் குறிக்கிறோம்?

தலை மூன்று அச்சுகளில் திரும்பக்கூடியது. தலையைத் தோள்பக்கம் சாய்ப்பது ரோல்; இடவலமாகத் திருப்புவது யா; மேலும் கீழுமாக ஆட்டுவது பிட்ச். இவற்றுள் ரோல் மட்டும் படத்தின் தளத்துக்குள்ளேயே நிகழ்கிறது. அதாவது, முகத்தின் எந்தப் பகுதியும் மறைவதில்லை. இரு கண்கள், மூக்கு, வாய் எல்லாம் அப்படியே இருக்க, அவை வைக்கப்பட்டிருக்கும் கோணம் மட்டும் மாறுகிறது. யா, பிட்ச் இரண்டும் தளத்துக்கு வெளியே நிகழ்பவை. அவற்றில் ஒரு கண்ணோ ஒரு கன்னமோ கேமராவின் பார்வையிலிருந்து உண்மையாகவே விலகிப்போகிறது. ரோலைப் படத்தைச் சுழற்றிச் சரிசெய்துவிடலாம், மற்ற இரண்டையும் எவ்வளவு சுழற்றினாலும் சரிசெய்ய முடியாது. நிரல் முகத்தைத் தவறவிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். பக்கவாட்டில் திரும்பிய முகத்துக்காகப் படத்தைப் பன்னிரண்டு கோணங்களில் சுழற்றிப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இங்கே பெரும்பகுதி ரோலைப் பற்றியது. மற்றவற்றுக்குப் பின்னால் ஒரு கேள்வி ஒதுக்கப்பட்டிருக்கிறது.

நிமிர்ந்த முகத்தைத் தவறாமல் பிடிக்கும் டிடெக்டர், சாய்ந்த முகத்தை ஏன் விட்டுவிடுகிறது?

பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் 2001-இல் வெளியிட்ட முறையை எடுத்துக்கொண்டால் காரணம் தெளிவாக விளங்கும். அது 24×24 பிக்சல் அளவுள்ள ஒரு சாளரத்தைப் படம் முழுவதும், பல அளவுகளில் நகர்த்திச் செல்கிறது. ஒவ்வொரு சாளரத்துக்குள்ளும் அருகருகே உள்ள செவ்வகங்களின் ஒளிர்வுக் கூட்டுத்தொகைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்க்கிறது. பயிற்சியின்போது முதலில் தேர்வான இரண்டு அம்சங்கள் மிக எளிமையானவை: கண்கள் உள்ள பட்டை அதற்குக் கீழே உள்ள கன்னப் பகுதியைவிட இருண்டிருக்கும் என்பது ஒன்று, இரு கண்களும் நடுவே உள்ள மூக்குத்தண்டைவிட இருண்டிருக்கும் என்பது மற்றொன்று. எவ்வளவு பெரிய செவ்வகமானாலும் அதன் கூட்டுத்தொகையைத் தொகைப்படத்தில் (ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் மேலும் இடப்புறமும் உள்ள எல்லாப் பிக்சல்களின் கூட்டுத்தொகையை முன்பே எழுதிவைத்த அட்டவணையில்) நான்கே மூலைகளை வாசித்துக் கணக்கிட்டுவிடலாம் என்பதால்தான், 700 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் III கணினியிலேயே 384×288 பிக்சல் படங்களை நொடிக்கு 15 வீதம் அதனால் அலச முடிந்தது.

அந்த வேகத்துக்கான விலையும் அங்கேயே இருக்கிறது. நான்கு மூலை வாசிப்பு, பக்கங்கள் கிடையாகவும் செங்குத்தாகவும் உள்ள செவ்வகங்களுக்கு மட்டுமே பொருந்தும். தலை 30 டிகிரி சாய்ந்தால் கண்பட்டையும் சாய்கிறது, செவ்வகமோ சாய்வதில்லை. பட்டையின் ஒரு முனை நெற்றிக்கும் மறுமுனை கன்னத்துக்கும் போய்விட, ஒளிர்வு வேறுபாடு கரைந்துபோகிறது. அடுக்கடுக்காக அமைந்த வடிகட்டிகளில் முதல் அடுக்கே அந்தச் சாளரத்தை நிராகரித்துவிடுவதால், பின்னால் உள்ள நுணுக்கமான அடுக்குகளுக்கு அதைப் பார்க்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. தங்கள் டிடெக்டர் தளத்துக்குள் ஏறத்தாழ ±15 டிகிரியும், பக்கவாட்டில் ஏறத்தாழ ±45 டிகிரியும் தாங்கும் என்று அதன் ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள்.

இதில் ஒரு தவறான புரிதல் பரவலாக உள்ளது. ரைனர் லீன்ஹார்ட்டும் யோகன் மைட்டும் 2002-இல் 45 டிகிரி சாய்ந்த செவ்வக அம்சங்களை இந்த முறையில் சேர்த்தார்கள். அம்சங்கள் சாய்ந்திருப்பதால் டிடெக்டரும் சாய்ந்த முகங்களைப் பிடிக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். நிமிர்ந்த முகங்களைக் கொண்டு பயிற்றுவித்தால், அந்தச் சாய்ந்த செவ்வகங்கள் நிமிர்ந்த முகத்தில் உள்ள சாய்வான கோடுகளைத்தான் கற்கும். முகம் சாய்வதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

என் கைப்பேசிப் படங்களில் மட்டும் முகம் கிடைப்பதில்லை. திரையில் பார்த்தால் படம் நேராகத்தான் இருக்கிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் எக்ஸிஃப் குறிப்புதான் (படக்கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் கூடுதல் தகவல்) காரணம். கைப்பேசியை நிறுத்திப் பிடித்து எடுத்தாலும், சென்சார் பதிவுசெய்யும் பிக்சல்கள் கிடைமட்ட வரிசையிலேயே கோப்பில் சேமிக்கப்படுவது வழக்கம். கூடவே, காட்டும்போது இப்படிச் சுழற்றிக் காட்டு என்று 1 முதல் 8 வரையிலான ஓர் எண் எழுதப்படுகிறது. 1 என்றால் அப்படியே காட்டலாம். 3 என்றால் 180 டிகிரி. 6 என்றால் வலஞ்சுழியாக 90 டிகிரி. 8 என்றால் வலஞ்சுழியாக 270 டிகிரி. மீதமுள்ள 2, 4, 5, 7 ஆகியவை கண்ணாடிப் பிம்பத்தையும் உள்ளடக்கியவை. படம் காட்டும் செயலி இந்த எண்ணை மதிக்கிறது. உங்கள் நிரல் மதிக்காவிட்டால், நீங்கள் நேராகப் பார்க்கும் முகத்தை அது படுத்த நிலையில் பார்க்கிறது.

பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தில் படத்தைத் திறப்பதால் மட்டும் இந்தச் சுழற்சி நிகழாது. அதற்கென்றே உள்ள எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் செயற்கூறைத் தனியாக அழைக்க வேண்டும். கணினிப் பார்வை நூலகமான ஓப்பன்சிவியின் வழக்கமான படவாசிப்பு அதைத் தானாகவே செய்துவிடுகிறது. ஆனால் படத்தை மாற்றமின்றி வாசிக்கச் சொல்லும் கொடியை (விருப்பத் தேர்வை) கொடுத்தால் செய்யாது. ஒரே கோப்பைப் பயிற்சியின்போது ஒரு நூலகத்தாலும் பயன்பாட்டின்போது இன்னொன்றாலும் வாசிக்கும் திட்டங்களில் இந்தப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். புதிய மாடலைத் தேடிப் புறப்படும் முன், அந்த எண்ணை ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள்.

படத்தையே பல கோணங்களில் சுழற்றி, ஒவ்வொன்றிலும் தேடினால் போதாதா?

போதும், சில நூறு பழைய படங்களை ஒருமுறை அலசுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் எத்தனை கோணங்கள் என்பதை டிடெக்டரின் தாங்குதிறன்தான் தீர்மானிக்கிறது. ±15 டிகிரி தாங்கும் டிடெக்டரை 0, 90, 180, 270 ஆகிய நான்கு கோணங்களில் மட்டும் ஓட்டினால், வட்டத்தின் 360 டிகிரியில் 120 டிகிரியைத்தான் பார்த்திருப்போம். தலையைச் சற்றே அதிகமாகச் சாய்த்தவர்கள் எல்லாரும் இடைவெளிகளில் விழுந்துவிடுவார்கள். முழு வட்டத்தையும் மூட 30 டிகிரிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சுழற்சிகள் வேண்டும். ±45 டிகிரி தாங்கும் டிடெக்டர் கையில் இருந்தால் நான்கே போதும். 90 டிகிரிச் சுழற்சிகளுக்கு வேறொரு நன்மையும் உண்டு: அவற்றில் பிக்சல்கள் இடம் மாறுகின்றனவே தவிர, இடைக்கணிப்பால் (அருகிலுள்ள பிக்சல்களைக் கலந்து புதிய பிக்சலைக் கணிப்பதால்) படம் மங்குவதில்லை.

செலவு நேரத்தில் மட்டும் அல்ல. ஒவ்வொரு சுழற்சியும் முகமல்லாதவற்றை முகம் என்று சொல்லும் புதிய வாய்ப்புகளைத் திறக்கிறது. நேராகப் பார்க்கையில் வெறும் ஜன்னலாக இருப்பது, 60 டிகிரி சுழற்றியபின் முகம்போலத் தோன்றக்கூடும். பன்னிரண்டு முறை ஓட்டினால் பொய்க் கண்டறிதல்களும் ஏறக்குறைய அந்த விகிதத்தில் பெருகும் என்று எதிர்பார்த்து, நம்பிக்கை மதிப்பின் வரம்பை உயர்த்த வேண்டியிருக்கும். உயர்த்தினால் உண்மையான முகங்கள் சில கைநழுவும்.

சுழற்றும்போது படத்தின் ஓரங்கள் வெட்டுப்படுகின்றனவே?

பழைய அகல உயரத்தையே வைத்துக்கொண்டு சுழற்றுவதால் அப்படி ஆகிறது. புதிய அகலம், அகலத்தைக் கோசைனாலும் உயரத்தைச் சைனாலும் பெருக்கிக் கூட்டிய தொகை. புதிய உயரம் அதன் மறுதலை. 640×480 படத்தை 45 டிகிரி சுழற்றினால், இரு பக்கங்களும் 792 பிக்சலாக விரிய வேண்டும். மாற்ற அணியின் (சுழற்சியைச் செய்யும் எண் அட்டவணையின்) நகர்வுப் பகுதியையும் அதற்கேற்பத் திருத்தினால்தான் படம் புதிய பரப்பின் நடுவில் அமரும்.

முகம் கிடைத்தபின், சாளரத்தின் நான்கு மூலைகளையும் மாற்ற அணியின் நேர்மாறால் மூலப் படத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெவ்வேறு சுழற்சிகளில் ஒரே முகம் இரண்டு மூன்று முறை அகப்படும்; ஆகவே மிகையானவற்றை நீக்கும் படியை, எல்லாப் பெட்டிகளும் (முகத்தைச் சூழ்ந்த செவ்வகங்களும்) மூலப் படத்தின் ஆயங்களுக்கு வந்தபிறகே செய்ய வேண்டும். சுழற்றிய ஒவ்வொரு படத்திலும் தனித்தனியாக நீக்கிவிட்டுப் பிறகு சேர்த்தால், ஒருவருக்கு மூன்று முகங்கள் என்று எண்ணிக்கை வரும்.

படம் முழுவதையும் சுழற்றாமல், கோணத்தை முதலில் கணித்துவிட முடியாதா?

முடியும். இந்த எண்ணம் 1998-இலேயே செயல்வடிவம் பெற்றுவிட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரௌலி, ஷுமீத் பாலுஜா, தாகியோ கனாடே ஆகியோர் அமைத்த முறையில், ஒவ்வொரு 20×20 பிக்சல் சாளரமும் முதலில் ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க்குக்குச் செல்கிறது. இதற்கு ரௌட்டர் என்று பெயரிட்டார்கள். இது முகமா என்ற கேள்வியை ரௌட்டர் கேட்பதே இல்லை. இது முகமாக இருந்தால் எந்தக் கோணத்தில் இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறது. அந்தக் கோணத்துக்கு ஏற்பச் சாளரம் நிமிர்த்தப்பட்டு, நிமிர்ந்த முகங்களுக்கான டிடெக்டரிடம் ஒப்படைக்கப்படுகிறது. சாளரத்தில் முகமே இல்லாவிட்டால் ரௌட்டர் ஏதோ ஒரு கோணத்தைச் சொல்லும். அதனால் கெடுதி இல்லை, ஏனெனில் சுவரை எந்தக் கோணத்தில் நிமிர்த்தினாலும் டிடெக்டர் அதை முகமல்ல என்றே தள்ளிவிடும். பொறுப்புகளை இவ்வளவு சுத்தமாகப் பிரித்த வடிவமைப்பு பிற்கால முறைகளிலும் அரிது என்பது என் கருத்து.

கோணத்தை அவர்கள் வெளியிட்ட விதமும் கவனிக்கத்தக்கது. ஒரே எண்ணாகக் கேட்டிருந்தால் 359 டிகிரியும் 1 டிகிரியும் எண்ணளவில் எட்டாத தூரத்தில் நின்றிருக்கும்; அவற்றின் சராசரி 180 என்று வந்து, நிமிர்ந்த முகம் தலைகீழாகிவிடும். எனவே 10 டிகிரிக்கு ஒன்றாக 36 வெளியீடுகளை வைத்து, ஒவ்வொன்றையும் அந்தத் திசையில் நீளும் ஒரு வெக்டராகக் கருதி, எல்லாவற்றையும் கூட்டிக் கிடைக்கும் திசையையே கோணமாக எடுத்துக்கொண்டார்கள். இன்று கோணத்தைக் கணிக்கும் மாடல் எழுதுபவர்கள் சைன், கோசைன் என்ற இரு எண்களாக வெளியிடச் செய்வதும் இதே சிக்கலைத் தவிர்க்கத்தான். மாடலின் பிழையை அளக்கும் இழப்புச் சார்பில் நேரடியாக டிகிரிகளைக் கழிக்கும் நிரல்கள் இன்னமும் எழுதப்படுகின்றன. அவை எண் சுற்றித் திரும்பும் எல்லைக்கு அருகில் மட்டும் (கோணத்தை −180 முதல் 180 வரை அளந்தால் 180 டிகிரிக்கு அருகில்) விசித்திரமாகத் தடுமாறும்.

இந்த முறை இரு பெரிய சோதனைத் தொகுப்புகளில் 79.6 சதவீத முகங்களைக் குறைந்த பொய்க் கண்டறிதல்களுடன் பிடித்தது. சுழன்ற முகங்களுக்கென்றே அவர்கள் திரட்டிய 50 படங்களில் 223 முகங்கள் இருந்தன. அவற்றுள் 210 முகங்கள் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்தவை.

படத்தைச் சுழற்றுவதற்குப் பதிலாக டிடெக்டரையே சுழற்றலாமா?

செவ்வக அம்சங்களால் ஆன டிடெக்டரில் இது அழகாகவே சாத்தியமாகிறது. ஜோன்ஸும் வயோலாவும் 2003-இல், ஒவ்வொன்றும் 30 டிகிரி அகலத்தைப் பார்த்துக்கொள்ளும் பன்னிரண்டு டிடெக்டர்களை அமைத்தார்கள். ஆனால் பயிற்றுவிக்க வேண்டியிருந்தவை மூன்றுதான். ஒரு செவ்வகத்தை 90 டிகிரி சுழற்றினால் அதுவும் கிடை-செங்குத்துச் செவ்வகமாகவே இருப்பதால், 0 டிகிரிக்குப் பயின்ற டிடெக்டரின் ஒவ்வோர் அம்சத்தையும் சுழற்றி 90, 180, 270 டிகிரிகளுக்கான டிடெக்டர்களைப் பயிற்சியின்றியே பெற்றுவிடலாம். 30, 60 டிகிரிகளுக்கும் இதே தந்திரம் பலிக்கிறது. சாளரத்தின் கோணத்தை ஒரு முடிவுமரம் விரைவாக ஊகிக்க, அந்தக் கோணத்துக்குரிய டிடெக்டர் மட்டும் இயக்கப்பட்டது. ரௌலியின் ரௌட்டருக்கு இது நெருங்கிய உறவு. இங்கே படத்துண்டு சுழலவில்லை, டிடெக்டர் மாறுகிறது என்பதே வேறுபாடு.

டீப் லேர்னிங் வந்தபின்னும் இது ஒரு சிக்கல்தானா? பயிற்சிப் படங்களைச் சுழற்றிக் கொடுத்துவிட்டால் தீராதா?

பெருமளவுக்குத் தீரும், ஆனால் இலவசமாக அல்ல. ஒரே சிறு வடிகட்டியைப் படம் முழுவதும் நகர்த்திப் பார்க்கும் கன்வல்யூஷன் நெட்வொர்க்குக்கு முகம் படத்தில் எந்த இடத்தில் இருந்தாலும் ஒன்றுதான். எந்தக் கோணத்தில் இருந்தாலும் ஒன்று என்ற பண்பு அதன் கட்டமைப்பில் கிடையாது. டாக்கோ கோஹனும் மாக்ஸ் வெல்லிங்கும் 2016-இல் 90 டிகிரிச் சுழற்சிகளைக் கட்டமைப்பிலேயே உள்ளடக்கிய கன்வல்யூஷனை முன்வைத்தார்கள். அன்றாடம் பயன்படும் முக டிடெக்டர்களோ அந்த வழியில் செல்லவில்லை. அவை எந்தக் கோணங்களைப் பயிற்சியில் கண்டனவோ அந்தக் கோணங்களைத்தான் அறியும். நடைமுறைப் படத்தொகுப்புகளில் மனிதர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருக்கிறார்கள். 32,203 படங்களும் 3,93,703 முகங்களும் கொண்ட வைடர் ஃபேஸ் தொகுப்பிலும் நிமிர்ந்த முகங்களே மிகுதி.

360 டிகிரியும் சுழற்றிப் பயிற்றுவித்தால், ஒரே நெட்வொர்க் எல்லாத் தோற்றங்களையும் தன் எடைகளுக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். பெரிய மாடல் அதைத் தாங்கும். கைப்பேசியில் ஓட வேண்டிய சிறிய மாடல், தலைகீழ் முகத்தைக் கற்றுக்கொள்வதற்காக நிமிர்ந்த முகத்தில் கொஞ்சம் துல்லியத்தை விட்டுக்கொடுக்கும். உங்கள் பயன்பாட்டில் தலைகீழ் முகம் வரவே வாய்ப்பில்லை என்றால் ±45 டிகிரியோடு நிறுத்திக்கொள்வதே விவேகம்.

பிசிஎன் என்ற முறையைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறேன். அது எப்படி வேலை செய்கிறது?

சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட இந்த முறை (Progressive Calibration Networks என்பதன் சுருக்கம்), கோணத்தை ஒரே மூச்சில் கண்டுபிடிக்க முயல்வதில்லை. மூன்று படிகளில் சிறிது சிறிதாக நிமிர்த்துகிறது. ஒவ்வொரு படியிலும் உள்ள சிறிய நெட்வொர்க் முகமா இல்லையா என்று வடிகட்டுகிறது, பெட்டியைத் திருத்துகிறது, கூடவே கோணத்தைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. முதல் படியின் கேள்வி மிகவும் எளியது: முகம் மேல்நோக்கியதா, கீழ்நோக்கியதா? கீழ்நோக்கியது என்றால் 180 டிகிரி திருப்பப்படுகிறது. இத்துடன் எஞ்சிய கோணம் ±90-க்குள் வந்துவிடுகிறது. இரண்டாம் படி இடம், நடு, வலம் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, தேவைப்பட்டால் 90 டிகிரி திருப்புகிறது, எஞ்சுவது ±45. மூன்றாம் படி மட்டுமே உண்மையான எண்ணைக் கணிக்கிறது.

110 டிகிரி சுழன்ற ஒரு முகத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம். முதல் படி அதைக் கீழ்நோக்கியது என்று முடிவுசெய்து 180 டிகிரி திருப்ப, எஞ்சுவது −70. அது −90-க்கும் −45-க்கும் இடையே இருப்பதால் இரண்டாம் படி −90 டிகிரி என்று பதிவுசெய்து திருப்ப, எஞ்சுவது +20. மூன்றாம் படி அந்த 20-ஐக் கணிக்கிறது. 180, −90, 20 ஆகியவற்றைக் கூட்டினால் 110.

இதன் வேகம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஆரம்பப் படியில் ஆயிரக்கணக்கான சாளரங்கள் இருக்கும்போது கேட்கப்படுவது இருவிடைக் கேள்விதான். அதற்கு மிகச் சிறிய நெட்வொர்க்கே போதும். அடுத்து, முதல் இரு படிகளின் திருப்பங்கள் 90 டிகிரியின் மடங்குகளாகவே இருப்பதால், ஒவ்வொரு சாளரத்தையும் தனித்தனியாகச் சுழற்ற வேண்டியதில்லை. மூலப் படத்தின் மூன்று திருப்பிய பிரதிகளை முன்கூட்டியே செய்துவைத்துக்கொண்டு, உரிய பிரதியிலிருந்து துண்டை வெட்டிக்கொள்ளலாம். சரியாக 90 டிகிரியில் இருக்கும் முகத்தை முதல் படி எப்படி வகைப்படுத்தும் என்ற ஐயம் நியாயமானது. எப்படிச் சொன்னாலும் எஞ்சும் கோணம் +90 அல்லது −90. இரண்டையும் அடுத்த படி கையாளும். எல்லைக்கு அருகில் உள்ள மாதிரிகள் முதல் படியின் திசைப் பயிற்சியில் சேர்க்கப்படாததற்கும் இதுவே காரணம்.

முகம் கிடைத்தபின் அதன் சாய்வைக் கணக்கிடுவது எப்படி?

இரு கண்கள், மூக்கு, வாயின் இரு ஓரங்கள் என்று ஐந்து அடையாளப் புள்ளிகளைத் தரும் டிடெக்டர்கள் இப்போது பரவலாக உள்ளன. எம்டிசிஎன்என், ரெட்டினாஃபேஸ், ஓப்பன்சிவியில் கிடைக்கும் யூநெட் ஆகியவை அப்படிப்பட்டவை. இரு கண்களை இணைக்கும் கோட்டின் சாய்வே ரோல். படத்தில் உள்ளவரின் வலக்கண் (200, 150) என்ற இடத்திலும் இடக்கண் (280, 190) என்ற இடத்திலும் இருந்தால், கிடை வேறுபாடு 80, செங்குத்து வேறுபாடு 40. இவற்றை ஏடான்2 சார்புக்கு (இரு வேறுபாடுகளின் குறிகளையும் பார்த்துக் கோணத்தைத் தரும் atan2) கொடுத்தால் 26.57 டிகிரி கிடைக்கும். படங்களில் செங்குத்து ஆயம் கீழ்நோக்கி வளர்வதால், இந்த நேர்க்குறி தலை வலஞ்சுழியாகச் சாய்ந்திருப்பதைக் காட்டுகிறது. ஓப்பன்சிவியின் சுழற்சி அணிச் சார்பு நேர்க்கோணத்தை இடஞ்சுழியாகக் கொள்வதால், 26.57-ஐ அப்படியே கொடுத்தால் கண்கள் கிடைமட்டத்துக்கு வந்துவிடும்.

இங்கே வலக்கண் என்பது படத்தின் வலப்புறத்தில் இருக்கும் கண் அல்ல; படத்தில் உள்ளவருக்குச் சொந்தமான வலக்கண். மேலே சொன்ன அதே இரு புள்ளிகளில் கண்கள் இடம் மாறியிருந்தால், அதாவது வலக்கண் (280, 190)-இல் இருந்தால், விடை −153.43 டிகிரி, முகம் ஏறக்குறைய தலைகீழாக இருக்கிறது. புள்ளிகளைக் கிடை ஆயத்தின்படி வரிசைப்படுத்திவிட்டுக் கோணத்தைக் கணக்கிடும் நிரல், இரண்டு நிலைகளுக்கும் 26.57 என்றே சொல்லும். சாதாரண ஏடான் சார்பும் அப்படியே. ஐயமிருந்தால் கண்களின் நடுப்புள்ளியிலிருந்து வாயின் நடுப்புள்ளிக்கு ஒரு கோடு இழுத்து, அது எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.

கூகுள் 2019-இல் வெளியிட்ட பிளேஸ்ஃபேஸ், இரு கண்கள், இரு காதுகள், மூக்கு நுனி, வாயின் நடு என்று ஆறு புள்ளிகளைத் தருகிறது. அடுத்து வரும் நுணுக்கமான முகவலை மாடலுக்கு, கண்கோடு கிடைமட்டமாகும்படி சுழற்றிய துண்டே கொடுக்கப்படுகிறது. அதனால் அந்த மாடல் எல்லாக் கோணங்களையும் கற்றுத் தன் திறனை வீணாக்க வேண்டியதில்லை.

பயிற்சிப் படங்களைச் சுழற்றும்போது கவனிக்க வேண்டியவை எவை?

முதலாவது, மூலைகள். 30 டிகிரி சுழற்றிய படத்தின் மூலைகளில் கறுப்பு முக்கோணங்கள் உண்டாகும். அவற்றின் சாய்வு, முகத்தின் சாய்வோடு எப்போதும் ஒத்துப்போவதால், கோணத்தைக் கணிக்கும் மாடல் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மூலையைப் பார்த்தே விடை சொல்லக் கற்றுக்கொள்ளும். பயிற்சி வரைபடம் அற்புதமாக இருக்கும். உண்மையான படத்தில் ஒன்றும் வராது. இயன்றவரை முக்கோணங்கள் வராதபடி உட்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது நல்லது. ஓரங்களைக் கண்ணாடிப் பிம்பத்தால் நிரப்பும் வசதியைப் பயன்படுத்தினால், ஓரத்தில் இருக்கும் முகங்கள் இரட்டிப்பாகும். அந்த இரண்டாவது முகத்துக்கு நம்மிடம் பெட்டி இருக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பெட்டிகள். சதுரப் பெட்டியை 45 டிகிரி சுழற்றி, அதன் நான்கு மூலைகளையும் உள்ளடக்கும் நேர்ப் பெட்டியை வரைந்தால், புதிய பெட்டியின் பரப்பு பழையதைப்போல் இருமடங்கு. இப்படிப் பயிற்றுவிக்கப்பட்ட டிடெக்டர், சாய்ந்த முகங்களுக்கு மட்டும் பின்னணியையும் சேர்த்துத் தளர்ந்த பெட்டிகளைத் தரும். அடையாளப் புள்ளிகளைச் சுழற்றி அவற்றிலிருந்து பெட்டியைப் புதிதாகக் கட்டுவது மேல்.

மூன்றாவது, இடவலப் பிம்பம். படத்தை இடவலமாகப் புரட்டும்போது ரோலின் குறி மாற வேண்டும். வலக்கண், இடக்கண் பெயர்களும் வாயின் இரு ஓரங்களின் பெயர்களும் இடம் மாற வேண்டும். இதை மறந்தால், மாடல் இரு கண்களையும் மூக்குத்தண்டை நோக்கி இழுத்துவைக்கும். புள்ளிகள் நடுவில் குவிவதைப் பார்த்தால் முதலில் இங்கே தேடுங்கள்.

சுழன்ற முகங்களுக்கான துல்லியத்தை எப்படி அளப்பது?

வழக்கமாகக் கணித்த பெட்டியும் உண்மைப் பெட்டியும் வெட்டிக்கொள்ளும் பரப்பை, இரண்டும் சேர்ந்த பரப்பால் வகுத்து, 0.5-ஐத் தாண்டினால் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன இருமடங்குப் பெட்டியை மூலச் சாய்சதுரத்தோடு ஒப்பிட்டால், அந்த விகிதம் சரியாக 0.5-இல் வந்து நிற்கும்; முகத்தை மிகச் சரியாகப் பிடித்த டிடெக்டரும் வரம்பின் விளிம்பில் ஊசலாடும். ஆகவே உண்மைத் தரவு எந்த வடிவில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் இரு முறைகளின் மதிப்பெண்களை ஒப்பிடக் கூடாது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகம் 2010-இல் வெளியிட்ட எஃப்டிடிபி தொகுப்பில், 2,845 படங்களில் உள்ள 5,171 முகங்களும் கோணத்தோடு கூடிய நீள்வட்டங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. சாய்வு ஆய்வுக்கு இது வசதியானது. பிசிஎன் ஆசிரியர்கள் இந்தத் தொகுப்பையே −90, 90, 180 டிகிரிகள் திருப்பி, நான்கு திசைகளிலும் தனித்தனியாகச் சோதித்தார்கள்.

மொத்த மதிப்பெண் ஒன்றை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. சோதனைப் படங்களை 15 டிகிரி இடைவெளியில் சுழற்றி, ஒவ்வொரு கோணத்திலும் எத்தனை முகங்கள் அகப்படுகின்றன என்று வரைந்து பாருங்கள். வரைபடம் எங்கே சரிகிறது என்பதே உங்கள் டிடெக்டரின் உண்மையான தாங்குதிறன். விளக்கக் குறிப்பில் எழுதியிருப்பதைவிட அதை நம்பலாம்.

பக்கவாட்டில் திரும்பிய முகங்களுக்கு என்ன செய்வது?

முழுப் பக்கவாட்டு முகத்தில் ஒரு கண்தான் தெரியும். நேர்முகத்துக்குப் பயின்ற மாடலுக்கு அது வேறொரு பொருள். எனவே அந்தத் தோற்றங்களைப் பயிற்சியில் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. டிலிப் நூலகத்தின் பழைய டிடெக்டர் இதைச் சுருக்கமாகச் செய்கிறது: நேர்முகம், இடப்பார்வை, வலப்பார்வை, இடப்புறம் சாய்ந்த நேர்முகம், வலப்புறம் சாய்ந்த நேர்முகம் என்று ஐந்து வடிகட்டிகள் அதற்குள் இருக்கின்றன. ஓப்பன்சிவியோடு வரும் பக்கவாட்டு முக அடுக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் பயின்றது. மறுபக்கத்துக்குப் படத்தை இடவலமாகப் புரட்டி மீண்டும் ஓட்ட வேண்டும். யா கோணம் அதிகமாகும்போது இரு கண்களும் படத்தில் நெருங்கிவிடுவதால், கண்கோட்டிலிருந்து ரோலைக் கணிப்பதும் நம்பகமற்றதாகிவிடும். ஒரு பிக்சல் பிழை பல டிகிரிகளாகப் பெருகும். அந்த நிலையில் மூன்று கோணங்களையும் சேர்த்துக் கணிக்கும் தலைநிலை மாடல்களே பொருத்தமானவை.

தலைகீழ் முகத்தை மனிதர்கள் எளிதாக அறிந்துகொள்கிறார்களே, கணினிக்கு மட்டும் ஏன் கடினம்?

மனிதர்களுக்கும் அது எளிதல்ல. தலைகீழாகக் காட்டப்பட்ட முகங்களை நினைவில் கொள்வதில், மற்றப் பொருள்களைவிட நாம் அதிகம் தடுமாறுகிறோம் என்று ராபர்ட் யின் 1969-இல் காட்டினார். பீட்டர் தாம்ப்சன் 1980-இல் மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். படம் தலைகீழாக இருக்கும்வரை பார்ப்பவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் உறுத்தவில்லை, நிமிர்த்தியதும் அது கோரமாகத் தெரிந்தது. நாமும் பெரும்பாலும் நிமிர்ந்த முகங்களையே பார்த்து வளர்ந்தவர்கள்.

வீடியோவில் ஒவ்வொரு சட்டகத்திலும் எல்லாக் கோணங்களையும் தேட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு நொடியில் 30 சட்டகங்கள் வரும் வீடியோவில், அடுத்தடுத்த இரண்டு சட்டகங்களுக்கிடையே தலை சில டிகிரிகளுக்கு மேல் சாய்வது அரிது. முந்தைய சட்டகத்தில் கிடைத்த கோணத்துக்கு அந்தப் பகுதியை மட்டும் நிமிர்த்தி, நிமிர்ந்த முகத்துக்கான சிறிய டிடெக்டரை அங்கே ஓட்டினால் போதும். முகம் தவறிப்போனாலோ, புதியவர் உள்ளே வருவதற்காகக் குறிப்பிட்ட இடைவெளிகளிலோ மட்டும் முழுவட்டத் தேடலைச் செய்யலாம். கேமரா கைப்பேசியில் இருந்தால், புவியீர்ப்புத் திசையை முடுக்கமானியே சொல்லிவிடும். சாதனம் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதால் வரும் சாய்வை அதைக் கொண்டே முதலில் நீக்கிவிட்டால், எஞ்சுவது மனிதர் தாமாகத் தலையைச் சாய்த்த அளவு மட்டும்தான். அறையின் கூரையில் பொருத்திய மீன்கண் கேமராக்களுக்கு இந்த உதவி பயன்படாது. அங்கே நிற்பவர்களின் தலைகள் படத்தின் மையத்தைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் அமைந்திருக்கும். ஆயினும் மையத்திலிருந்து ஒருவர் எந்தத் திசையில் நிற்கிறார் என்பதைக் கொண்டே அவர் முகத்தின் ஏறத்தாழவான கோணத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்பதால், படத்தை மையத்திலிருந்து விரித்து நீண்ட பட்டையாக்கி, சாதாரண டிடெக்டரையே அதில் ஓட்டுவது வழக்கம்.